மார்ஃபின் மருந்தைப் பாதியாகக் குறைக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது பட்டணத்துத் தாமானில் என்னோடு இருக்கிறார். மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மார்ஃபின் தண்ணி மருந்து கொடுத்திருக்கிறார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இனிப்பு நீரும் உண்டு. 'மார்ஃபின் வெள்ளையணுக்களைத் தின்றுவிடும், எதிர்ப்புச் சக்தியே இருக்காது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பயந்துபோய் மூன்று வாரமாகப் பாதி அளவுதான் கொடுக்கிறேன். அம்மா ரொம்ப முனகினால் அன்று இரவு மட்டும் முழு அளவு. ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு சரியாகத்தான் இருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்; ராத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுகிறார். பக்கத்து வீட்டு மாமா கெத்தும் இலையை அவித்துக் கொடுக்கச் சொல்கிறார். என் தம்பி முன்பு ஹெராயின் பழக்கத்தில் இருந்தான், இப்போது கிளினிக்கில் ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் குடிக்கிறான். அந்தக் காலத்தில் அவன் கையெல்லாம் சீழ்க்கட்டி. அதுவும் இதே காரணமா? தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள். அம்மா பக்கத்தில் விடலாமா?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் அம்மாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்த பிரிவுக்குப் போன் செய்யுங்கள். மூன்று வாரமாகப் பாதி கொடுத்ததையும், இடையிடையே முழு அளவு கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள், இப்படி அழைப்பவர்கள் நிறையப் பேர். எந்த அளவிலிருந்து தொடர வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அதுவரை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நீங்களாக ஏற்றவும் வேண்டாம்.

அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்கு வந்த செய்தி முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மார்ஃபின் வெள்ளையணுக்களைத் தின்பதில்லை. உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும் அல்லவா? கிராணி பெயர் கூப்பிடுவார், எல்லாரும் கை தூக்குவார்கள், கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அன்று யார் நேரத்துக்கு நிரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், யார் எத்தனை மரம் வெட்டினார்கள் என்பது பெரட்டுப் புத்தகத்தில் இருக்காது. ஆஸ்பத்திரியில் எடுக்கிற ரத்த எண்ணிக்கை இந்தப் பெரட்டு மாதிரி. வெள்ளையணுக்கள் எத்தனை என்று சொல்லும், அவை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன என்று சொல்லாது. மார்ஃபின் போன்ற மருந்துகள் தொடுவது அந்தச் சுறுசுறுப்பை. கிருமி இருக்கிற இடத்துக்கு நகர்ந்து போகிற வேகம் குறைகிறது. கிருமியை விழுங்கிச் செரிக்கிற பெரிய விழுங்கணுக்கள் மந்தமாகின்றன. வைரஸ் புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் அழிக்கிற இயற்கைக் கொல்லி அணுக்களின் வீரியம் தணிகிறது. வெள்ளையணுக்களில் இன்னொரு வகையான டி அணுக்கள் பெருகுவதும் குறைகிறது. அதனால் அம்மாவின் ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை வைத்து அந்தச் செய்தி உண்மையா பொய்யா என்று முடிவு கட்ட முடியாது.

இது வாட்ஸ்அப் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. ருமேனியாவைச் சேர்ந்த கான்டகுசீனோ என்ற மருத்துவர் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, கினிப் பன்றிகளுக்கு அபின் கொடுத்துப் பிறகு காலராக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கவேண்டிய நேரத்தில் விழுங்காமல் பின்தங்கின. அது 1898ல். ஏன் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1973ல்தான் மூளையில் மார்ஃபின் வந்து ஒட்டிக்கொள்கிற ஏற்பிகளைக் கண்டார்கள். 1979ல் மனித ரத்தத்து டி அணுக்களிலும் அத்தகைய ஏற்பி இருப்பதற்கான சான்று வந்தது. 1998ல், அந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தபோது எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. மற்றச் சுண்டெலிகளுக்குக் குறைந்தது. ஆக, வலியைக் குறைக்கிற அதே வாசல் வழியாகத்தான் இந்த விளைவும் வருகிறது. கூடவே மூளை வழியாக ஒரு சுற்றுவழியும் உண்டு: மார்ஃபின் மூளையைத் தொட, மூளை நரம்புகள் மூலமும் கார்ட்டிசோல் போன்ற சுரப்புகள் மூலமும் வெள்ளையணுக்களை அடக்குகிறது.

வெள்ளையணுவுக்கு எதற்கு இந்த ஏற்பி என்று நீங்கள் கேட்கலாம். நம் உடம்பு தானாகவே எண்டார்ஃபின், என்கெஃபலின் என்று மார்ஃபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. வீங்கிக் கிடக்கிற இடத்துக்குப் போகிற வெள்ளையணுக்களே எண்டார்ஃபினைச் சுமந்து போய் அங்கே விடுகின்றன, அந்த இடத்து நரம்பின் வலி குறைகிறது. வலியும் எதிர்ப்புச் சக்தியும் உடம்புக்குள் ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கிற இரண்டு. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பார்க்க முடியாது.

உங்களுக்கு வந்த செய்தியில் விட்டுப்போனது இதுதான். மார்ஃபின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று எழுதியவர், தணிக்காத வலி எதிர்ப்புச் சக்தியை என்ன செய்யும் என்று எழுதவில்லை. வலியில் துடிக்கிற உடம்பில் கார்ட்டிசோல் ஏறுகிறது, தூக்கம் போகிறது, சர்க்கரை ஏறுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. இவை ஒவ்வொன்றும் வெள்ளையணுக்களை மந்தமாக்கும். 1993ல் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். அறுவை செய்த எலிகளுக்குப் புற்றணுக்களைச் செலுத்தினார்கள். வலிக்கு மார்ஃபின் கொடுத்த எலிகளில் அந்த அணுக்கள் நுரையீரலில் வேர்பிடித்தது குறைவு. மார்ஃபின் கொடுக்காமல் வலியோடு விட்டவற்றில் அதிகம். மார்ஃபினால் வருகிற குறையைவிட, வலியால் வருகிற குறை அங்கே பெரிதாக இருந்தது. எலியை வைத்து மனிதரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனால் வலியே இல்லாத விலங்குக்குக் கொடுக்கிற மார்ஃபினும், வலியில் இருக்கிறவருக்குக் கொடுக்கிற மார்ஃபினும் ஒன்றல்ல என்பது இதில் தெரிகிறது. எதிர்ப்புச் சக்தி குறைவதைக் காட்டிய சோதனைகளில் பல, வலி இல்லாத விலங்குகளிடம் செய்தவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். அவரும் மரம் வெட்டியவர்தான். விலா எலும்பில் புற்றுநோய். மகன் நல்ல பிள்ளை, அப்பாவை ஒரு நாள் கூடத் தனியே விட்டதில்லை. ஆனால் மார்ஃபின் என்ற பெயரே அவரைப் பயமுறுத்தியது. புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு பெனடோல் மட்டும் கொடுத்துவந்தார். விலா வலியில் அந்தப் பெரியவரால் ஆழமாக மூச்சு இழுக்க முடியவில்லை, இருமிச் சளியைத் துப்ப முடியவில்லை. சளி உள்ளேயே தங்கி நிமோனியா ஆனது. எந்தத் தொற்று வந்துவிடுமோ என்று பயந்து மருந்தை ஒதுக்கினாரோ, அதே தொற்று வலியின் வழியாக வந்தது. புட்டியைக் கையில் கொடுத்த அன்று நான் அந்த மகனுக்கு இரண்டு நிமிஷம் கூட ஒதுக்கவில்லை. அளவைச் சொன்னேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் அம்மா வலி இல்லை என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பு வலியோடு பால் வாளி தூக்கியவர்கள், பிள்ளைக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று வாயைத் திறக்கமாட்டார்கள். "வலிக்குதா" என்று கேட்காமல், "நேத்து ராத்திரி எத்தனை தடவ முழிச்சீங்கம்மா, எந்தப் பக்கம் திரும்பினா முடியல" என்று கேளுங்கள். பதில் வரும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது ரத்தப் பரிசோதனைத் தாளைவிட உதவும்.

சரி, மனிதர்களிடம் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமி ரத்தம் வரை பரவிய 1,200க்கும் மேற்பட்டவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018ல் வந்தது. மார்ஃபின் வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நோய் வரும் சாத்தியம் சுமார் 1.6 மடங்கு இருந்தது. அதிக அளவு எடுத்தவர்களுக்கும், நீண்ட நேரம் வேலை செய்கிற வகையை எடுத்தவர்களுக்கும் கூடுதல். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அரிதாக வருகிற ஒரு நோய் ஒன்றரை மடங்கு ஆனாலும் அரிதுதான். உங்கள் அம்மா விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் வீட்டிலேயே இருக்கிறது: இனிப்பு நீர். சர்க்கரை ஏறிக் கிடக்கிற ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரியாக வேலை செய்யாது. மூன்று வாரம் மார்ஃபினைக் குறைத்தீர்களே, அந்த மூன்று வாரம் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா? எதிர்ப்புச் சக்திக்காகப் பாடுபடுவது என்றால் அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது, பாதியும் முழுசுமாக மாற்றி மாற்றிக் கொடுப்பது. எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான். பழகிய உடம்பிலிருந்து மார்ஃபினைத் திடீரென்று எடுத்தால் அந்த அதிர்ச்சியிலேயே எதிர்ப்புச் சக்தி சரிகிறது. சுண்டெலிகளிடம் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். மருந்தை நிறுத்திய நாள்களில் குடல் கிருமிகள் குடலைத் தாண்டி உடம்புக்குள் பரவின. ஒரே சீரான அளவில் தொடர்வதே உடம்புக்கு நல்லது. குறைக்க வேண்டுமானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மார்ஃபின் குடலையும் மெதுவாக்குகிறது. ஆகவே மலமிளக்கி கொடுத்திருந்தால், மலம் போனாலும் போகாவிட்டாலும் தினமும் கொடுங்கள். மார்ஃபினின் மயக்கம் சில நாளில் பழகிப்போகும், மலச்சிக்கல் பழகாது.

இந்த வகை மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. மார்ஃபினும் ஃபென்டனிலும் வெள்ளையணுக்களைக் கூடுதலாக அடக்குகிறவை. டிரமடோலும் புப்ரெநோர்ஃபினும் குறைவாக. ஆனால் எலும்பு வலிக்கு டிரமடோல் பல நேரம் போதாது, அதனால்தான் மார்ஃபினுக்கு வந்திருப்பார்கள். மருந்தை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அது சிறுநீரகம். இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தங்கும். அம்மா அளவுக்கு மீறித் தூங்கினாலோ, கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே சொல்லுங்கள். எழுப்பினால் எழாமல் மூச்சு மிக மெதுவாக வந்தால் காத்திருக்காமல் 999.

உங்கள் தம்பியின் சீழ்க்கட்டிக்கு வருகிறேன். இதில் நம் நாட்டோடு சேர்ந்த ஒரு பழைய கதை இருக்கிறது. 1912ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசாமியும், அதுவரை யாரும் எழுதாத ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். நுரையீரல், ஈரல் எங்கும் சீழ். சில நாளில் மரணம். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்ட ஏழைகள். அதனால் அதற்கு மார்ஃபின் ஊசிக்காரர்களின் நோய் என்றே ஒரு பெயர் இருந்தது. அடுத்த ஆண்டே, கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த விலங்குகள் அதே நோயில் செத்தன. அங்கே வேலை செய்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்தான் பிற்பாடு அதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கிருமி ஊசியில் பிறந்ததல்ல. மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழ்வது, இன்றும் நம் நாட்டு மண்ணில் இருப்பது. மார்ஃபின் மட்டும்தான் அந்த ரங்கூன் ஏழைகளைக் கொன்றது என்று சொல்லமுடியாது. பட்டினி, அழுக்கு ஊசி, தெரு வாழ்க்கை எல்லாம் சேர்ந்துதான்.

உங்கள் தம்பிக்கும் அப்படித்தான். ஹெராயின் உடம்புக்குள் போனதும் மார்ஃபினாகத்தான் மாறுகிறது, ஆகவே வெள்ளையணுக்கள் மந்தமானது உண்மை. ஆனால் கட்டி வந்ததற்கு முதல் காரணம் ஊசி தோலைத் துளைத்து உள்ளே கொண்டுபோன கிருமி. கூடவே சரியாகச் சாப்பிடாதது, தூங்காதது. போதை ஏறி இறங்கி ஏறி இறங்கி உடம்பைக் குலுக்கியது. மெத்தடோனும் அதே குடும்பத்து மருந்துதான், ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், வாய் வழியாக. 1989ல் நியூயார்க் ஆய்வு ஒன்றில், ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களின் இயற்கைக் கொல்லி அணுக்கள் தளர்ந்திருந்தன. பல ஆண்டுகளாக மெத்தடோனில் இருந்தவர்களின் அணுக்களோ, எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுடையதைப் போலவே இருந்தன. 2005ல் நம் நாட்டில் மெத்தடோன் தொடங்கியபோது, ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று பலர் கேட்டார்கள். உங்கள் தம்பியை யாராவது இன்னும் அப்படிக் கேட்டால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சியும் பார்த்தாயிற்றா என்று மட்டும் தம்பியிடம் கேளுங்கள். இரண்டுக்கும் இன்று மருந்து உண்டு.

தம்பி வீட்டுக்கு வந்து போகிறவர் என்றால், அம்மாவின் புட்டியைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். அதைத் தம்பிக்குத் தெரியாமல் ஒளிக்காமல், அவரிடம் சொல்லியே வையுங்கள். அவர் மேல் நம்பிக்கை இல்லை என்பதல்ல; மனசு தளர்ந்த ஒரு நாளில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக்கூடாது. இதை அவரே ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். எந்த வீட்டிலும், பேரப்பிள்ளைகள் வருகிற வீட்டில் முக்கியமாக, மார்ஃபினும் மெத்தடோனும் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மிஞ்சிய மருந்தை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

கெத்தும் இலை வேண்டாம். மாமா அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த இலையில் உள்ள மித்ராகினின், மார்ஃபின் போய் ஒட்டுகிற அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது. மார்ஃபினுக்குப் பயந்து கெத்தும் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. ஒரு சட்டியில் எவ்வளவு இறங்கியது என்று அளக்கவும் வழியில்லை. மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம். நச்சுப் பொருள் சட்டத்திலும் மாட்டுவீர்கள்.

அம்மாவுக்கு இனிமேல் கவனம் வேண்டியது காய்ச்சலில். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி தாண்டினாலோ, காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரி; பெனடோல் கொடுத்து மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கீமோ சிகிச்சையும் நடந்துகொண்டிருந்தால் இது இன்னும் அவசரம். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சேர்த்திருந்தால் காய்ச்சல் வெளியே தெரியாமலும் போகலாம், அதனால் திடீர்ச் சோர்வையும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சல் ஊசி, நிமோனியா ஊசி இரண்டையும் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வாசலில் கீரைப் பாத்தி வைத்திருந்தால், அம்மா வெறுங்காலோடு மண்ணில் இறங்க வேண்டாம், மழைக்குப் பிறகு அறவே வேண்டாம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் மூடி வையுங்கள். ரங்கூன் கதையை அதற்காகவும்தான் சொன்னேன்.

பிள்ளைகள் வரட்டும். காய்ச்சல், இருமல், கண்வலி, அம்மை இருக்கிற பிள்ளை மட்டும் குணமான பிறகு வரட்டும். லேசாக மூக்கு ஒழுகினால் முகக்கவசம் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்று பேசட்டும். மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாட்டியின் கட்டிலில் ஏறி உட்காரலாம். கூட்டம் வருகிற நேரத்தில் அம்மாவுக்கு வலி இருக்கக்கூடாது. காலை எண்ணெய்க் குளியலுக்கு அவரை எழுப்பி உட்கார வைக்கும் முன்னால் ஒரு வேளை மருந்து கூடுதலாகக் கொடுக்கலாமா என்று போனில் பேசும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.